மூக்குக்குப் பழகிய விஷம்

(மாதவரத்தில் லாரிப் பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



வேலை முடிந்ததும் கையிலுள்ள கிரீஸைப் பெட்ரோலில் கழுவுகிறோம். டாங்கியிலிருந்து எண்ணெய் எடுக்க ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறோம். நானும் உறிஞ்சியவன்தான். ஆகவே உங்களைக் குறை சொல்ல வரவில்லை.

அந்தப் பெட்ரோலுக்குள் பென்சீன் என்றொரு சரக்கு இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாதென்பது நம் நாட்டு விதி. ஒரு பங்குதானே என்று எண்ணாதீர்கள். 20 லிட்டர் கேனில் 200 மில்லி வரை இருக்கலாம்! மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய், ரத்தம் ஊறுகின்ற எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. களைப்பு வரும், முகம் வெளிறும், ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு தெரியும். சோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோயாகவும் வரலாம். அப்போது பட்டறை முதலாளி யாரோ, நாம் யாரோ!

பட்டறையோடு முடிகிற விஷயமல்ல இது. 2013ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது நினைவிருக்கும். துறைமுகத்திலிருந்து வருகிற பாரத் பெட்ரோலியம் குழாய் பூமிக்கடியில் கசிந்திருந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. பெட்ரோல் இப்படி நிலத்தடி நீரில் கலந்தால், மேலே மிதப்பதை வழித்தெடுத்துவிட்டு "சுத்தம்" என்பார்கள். நம்பாதீர்கள். பென்சீன் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு கிராமை லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. இது கண்ணுக்குத் தெரியுமா? காய்ச்சினால் போகுமே என்று ஒரு தாய் கேட்டார். போகும் அம்மா, சமையலறைக் காற்றுக்குள் போகும்.

அந்த மண்ணைத் தோண்டக் குழியில் இறங்குகிறவன் யார்? ஒப்பந்தத் தொழிலாளி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தேங்கும். ஒரு பீடி போதும், தீப்பிடிக்க. சற்று நேரத்தில் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டதென்று அவன் நினைக்கிறான். முகத்தில் கட்டிய துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

பென்சீன் பற்றி 1971லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா 1991இல் ஏற்றது. வேலைக்கு முன்னும் பின்பு அவ்வப்போதும் தொழிலாளிக்குச் செலவில்லாமல் ரத்தப் பரிசோதனை; கர்ப்பிணிகளை அந்த வேலையில் வைக்கக் கூடாது. நல்ல ஷரத்துகள். ஆனால் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பென்சீன் உள்ள சரக்குகளுக்குத்தான் அது பொருந்தும். இன்றைய பெட்ரோல் அந்தக் கோட்டுக்குள் நிற்கிறது. முதலாளி வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்: குழியில் இறங்குமுன் ஆவி அளக்கும் கருவி, காற்று ஊதும் விசிறி, ஆவியைத் தடுக்கும் முகமூடி, ரத்தப் பரிசோதனை.

அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போனால் "களைப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். இத்தனை வருஷம் பெட்ரோலில் வேலை, ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள் என்று கேளுங்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்; அடுத்த வருஷச் சீட்டோடு ஒப்பிட அது வேண்டும்.