மூலையில் நின்ற ராஜா
(வற்றாப்பளையில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் பேசியது)



கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் வைக்க மலைநாட்டிலிருந்து வந்த உங்களுக்கும், 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கும் வணக்கம். "கோயிலுக்கு வந்த இடத்துல செஸ் பத்தியா பேசப் போறீங்க?" என்று ஓர் அம்மா கேட்டாங்க. ஆமாம், அதைப் பற்றித்தான்.

நேற்று இங்கே ஒரு போட்டி ஆட்டம் பார்த்தோம். ஒரு பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள். எதிரே வயல் செய்கிற ஒரு பெரியவர். இரண்டு பேரும் கிளப்பில் ஆடுகிற அளவு ஆட்டக்காரர்கள்தான். இரண்டு மணி நேரம் பிள்ளை நிதானமாக ஆடியது. கடைசியில் பெரியவரிடம் ராஜா மட்டும், அதுவும் பலகையின் மூலையில். பிள்ளையிடம் ராஜாவும் ராணியும். கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. அந்த அவசரத்தில் பிள்ளை ராணியைக் கொண்டுபோய், மூலை ராஜாவிலிருந்து ஒரு குதிரை தாவும் தூரத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டது.

மூலையில் நிற்கும் ராஜாவுக்குப் போக மூன்று கட்டம்தான். மூன்றையும் ராணி அடைத்துவிட்டது. ஆனால் ராஜாவுக்கு செக் இல்லை. செக்கும் இல்லை, நகர வழியும் இல்லை என்றால் சட்டப்படி ஆட்டம் சமநிலை. கையை எடுத்த காயைத் திருப்பியும் எடுக்க முடியாது.

தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நாள் பேரை விட்டுட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று பிள்ளையை ஏசினார். பிள்ளை அழுதது.

அவரிடம் நாங்கள் ஒரு கதை சொன்னோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14-வது, கடைசி ஆட்டம். சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென், சமநிலையில் முடிக்கக்கூடிய ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தார். எதிரே இருந்த சென்னைப் பிள்ளை குகேஷுக்கு 18 வயசு. அவர் அதைக் கண்டுகொண்டார், பட்டம் கைமாறியது. சாம்பியனுக்கே அப்படி!

இதற்குள் பெரியவர், "அழாதை பிள்ளை. காயைத் திரும்ப வை, பாப்பம்" என்றார். எதிரி ராஜாவுக்கு ஒரு கட்டமாவது விட்டுவைத்து, அதற்குள் தன் ராஜாவைப் பக்கத்தில் நடத்தி வரவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். மூன்று தரம் வைத்துப் பார்த்தார்கள். மூன்று தரமும் பிள்ளை செக்மேட் வைத்தது.

தகப்பன் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இந்தக் குதிரை தாவுற தூரம்னா எவ்வளவுங்க?"