பேறுகால விடுமுறையும் பெற்றோர் கடமையும்

தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், சில வேளைகளில் மூத்த பெண்பிள்ளை ஒருத்தி வாரக்கணக்கில் வராதிருக்கக் காண்கிறோம். காரணம் கேட்டால், "தம்பி பொறந்திருக்கான் சார், அம்மா வேலைக்குப் போயிட்டாங்க" என்று பதில் வரும். பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாணவியின் படிப்பு நின்றுபோகிறது. இதைத் தவிர்க்கச் சட்டம் காட்டும் வழியை இன்று பார்ப்போம்.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் தனியார் துறையில் உழைப்போருக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உண்டு. அதில் பேறுகால விடுமுறை முன்பு 60 நாளாக இருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 1-1-2023 முதல் அது 98 நாளாயிற்று; அதாவது 14 வாரம்.

விடுமுறை வேறு, அக்காலச் சம்பளம் வேறு என்பதை நாம் மறக்கலாகாது. சம்பளம் பெற, பிரசவத்துக்கு முந்திய 9 மாதங்களில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி 4 மாதங்களில் ஒரு சமயமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே உயிரோடு 5 பிள்ளைகள் இருந்தால் விடுமுறை உண்டு. சம்பளத்துக்கு உரிமை இல்லை.

விடுமுறையைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே தொடங்கலாம். ஆனால் பிரசவ நாளையும் விடுமுறை தொடங்கும் நாளையும், பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்க இடமுண்டு. "மண்டோருக்குத்தான் தெரியுமே" என்று இருந்துவிடக் கூடாது. எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இனி தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அதே திருத்தம் மணமான ஆண்களுக்கும் சம்பளத்துடன் தொடர்ச்சியாக 7 நாள் விடுமுறை தந்திருக்கிறது. ஐந்து பிரசவங்கள் வரை இதைப் பெறலாம். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 30 நாள் முன்னதாக, அல்லது குழந்தை பிறந்தபின் கூடிய விரைவில், சொல்லிவிட வேண்டும். இந்த ஏழு நாளும் நண்பர்களுக்கு விருந்து வைப்பதற்கு அல்ல. தாய்க்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கவும், மூத்த பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பவும், குழந்தையின் பிறப்பைப் பதியவும் உரிய நாட்கள்.

கருவுற்றதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்க முதலாளிக்கு அதிகாரமில்லை. பேறுகால உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. உரிமை மறுக்கப்பட்டால், சம்பளச் சீட்டையும் கடிதப் பிரதியையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள்.

தாய் 14 வாரம் வீட்டில் இருந்து, தந்தை ஒரு வாரம் தோள் கொடுத்தால், அந்த மூத்த மகள் தன் புத்தகப் பையுடன் வகுப்பில் இருப்பாள். பிறந்த பிள்ளைக்குத் தரும் விடுமுறை, வளரும் பிள்ளையையும் காக்கும் என்பதை நாம் நினைவில் வைப்போம்.