திறமையும் ஒரு சேமிப்புத்தான்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



குழு ஆரம்பித்த புதிதில் நாம் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "மாசம் அம்பது ரூபா போட்டு என்ன ஆகப்போகுது?" என்பதுதான் அது. இன்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. தொகை சின்னதாக இருந்தாலும் தேதி தவறாமல் கட்டினால் அது உள்கடனாகும், வங்கிக் கடனாகும், கறவை மாடாகும், தையல் மிஷினாகும், மகளின் காலேஜ் ஃபீஸாகும். இதை நமக்கு யாரும் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாங்கள் பேச வந்தது இன்னொரு சேமிப்பைப் பற்றி. அது நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் திறமை.

முடிச்சூர், அகரம்தென், படப்பை, வண்டலூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நம் பிள்ளைகள் எவ்வளவோ கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தி விஸ்காம் படிக்கிறாள். ஒருவன் டி.டி.பி. சென்டரில் வேலை பார்க்கிறான். இன்னொருத்தி செல்போனிலேயே பிறந்தநாள் அழைப்பிதழ் டிசைன் செய்கிறாள். இவர்களிடம் இளைஞர் தொண்டு அமைப்புகள் வந்து, "எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஒரு நோட்டீஸ் போட்டுத் தருவீர்களா? வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு உட்காருவீர்களா?" என்று கேட்கிறார்கள்.

பிள்ளைக்கு ஆசை. ஆனால் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "காசு வராத வேலைக்கு எதுக்குப் போறே?"

இது தப்பான கேள்வி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பெண்களிடம் இலவசமாக வாங்கிய வேலைக்கு இந்த உலகத்தில் கணக்கே கிடையாது. அதனால் இந்தக் கேள்விக்குக் கடைசியில் நேராகப் பதில் சொல்கிறோம். அதற்கு முன், திறமையைக் கொடுப்பது என்றால் என்ன என்று பார்ப்போம்.

வெள்ளத்தில் ஒரு வரைபடம்

2015 டிசம்பரை நம் பகுதியில் யாரால் மறக்க முடியும்? டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. படகில் வந்தவர்களையும், சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தவர்களையும் நாம் பார்த்தோம். நம் கண்ணில் படாமல் உதவியவர்களும் இருந்தார்கள்.

அருண் கணேஷ் என்ற வரைபட வடிவமைப்பாளரும், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்துக்காக உழைக்கும் தன்னார்வலர்களும் அந்த வெள்ளக் காலத்தில் இணையத்தில் ஒரு வரைபடம் வைத்தார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் அதில் குறிக்கலாம். மற்றவர்கள் அதைப் பார்த்து எந்த வழியில் போகலாம், எதில் போகக் கூடாது என்று தெரிந்துகொள்ளலாம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலைச் செய்து உதவினார்கள். திறமையைத் தொண்டாகக் கொடுப்பது என்றால் இதுதான்.

ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் நம் பல தெருக்களில் கரன்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. வெள்ளத்துக்கு நடுவில் இருந்தவர்கள் பலர் அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கவே முடியாது. வெளியில் இருந்த உறவினர்களுக்கும் உதவி செய்ய வந்தவர்களுக்கும்தான் அது அதிகம் பயன்பட்டிருக்கும். அதனால் எந்த டிசைனாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இதை யார் பார்க்கப் போகிறார்கள், எதில் பார்க்கப் போகிறார்கள்?" என்பதுதான்.

அழகு இரண்டாவது, விஷயம் முதலாவது

ஒரு படிப்பு மையத்தின் நோட்டீஸை நாங்கள் பார்த்தோம். நாலு கலர், ஓரத்தில் பூ, நடுவில் அமைப்பின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாக இருந்தது. அதை ஒரு குழு உறுப்பினரிடம் காட்டி, "என்ன புரிஞ்சுதுக்கா?" என்று கேட்டோம். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏதோ டியூஷன் போலிருக்கு. ஃபீஸ் எவ்வளவுன்னு போடலியே?" என்றார். கட்டணம் இல்லை என்ற சொல் கீழே ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது! அந்த ஒரு சொல் தெரியாததால் எத்தனை தாய்மார்கள் நோட்டீஸை மடித்து வைத்திருப்பார்கள்?

எனவே டிசைன் செய்யப் போகும் பிள்ளைகளிடம் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுங்கள். என்ன நடக்கிறது? யாருக்கு? எங்கே? எந்த நாள், எத்தனை மணிக்கு? எவ்வளவு செலவு? இந்த ஐந்துக்கும் பதில் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அச்சடிக்கும் முன் நம்மில் இரண்டு பேரிடம் காட்டி, புரிந்ததைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

கருவிகளுக்குப் பெரிய பணம் வேண்டாம். படங்களைச் சரிசெய்ய ஜிம்ப், வரைவதற்கு இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும் தொல்லையும் குறையும், யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்தினால். மீரா இனிமை என்ற எழுத்துருவும், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் என்ற எழுத்துருவும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியவை.

இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒன்று, பிள்ளைகளின் படம். நன்கொடை வரும் என்பதற்காக, அழுகிற முகத்தையோ கிழிந்த சட்டையையோ படம் பிடித்துப் போடக் கூடாது. தாய் தகப்பனின் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் கூடாது. அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அந்த நோட்டீஸைப் பார்த்தால் தலை குனியக் கூடாது. இரண்டாவது, சாலையில் பேனர். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. அந்தச் சாலையில் நாமும் போய் வருகிறோம். நல்ல காரியத்துக்கான பேனர் என்றாலும் அது சாலையில் வேண்டாம். ரேஷன் கடைச் சுவரில் அனுமதி வாங்கி ஒட்டும் ஒரு தாள் போதும்.

பக்கத்தில் உட்கார வைத்துச் செய்வது

நோட்டீஸைச் செய்து கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த நோட்டீஸுக்கு மறுபடியும் அதே பிள்ளையைத் தேட வேண்டும். அந்த மையத்தில் படிக்கும் ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த எழுத்தைப் பெருசாக்கணுமா, சின்னதாக்கணுமா? நீயே சொல்லு" என்று கேட்டுச் செய்தால், மூன்றாவது நோட்டீஸை அவளே செய்வாள். அந்த நேரத்தில் அவள் டிசைன் மட்டும் கேட்க மாட்டாள். "அக்கா, பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்? வீட்ல படிப்பை நிறுத்தறேங்கறாங்க, என்ன பண்றது?" என்றும் கேட்பாள். இதைத்தான் மென்டரிங் என்கிறார்கள். வழித்துணை என்று நாம் சொல்லலாம். குழுவில் கணக்கு எழுதத் தெரியாத புது ஊக்குநர் பக்கத்தில் பழைய ஊக்குநர் ஆறு மாதம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாரே, அதுவும் வழித்துணைதான்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு மையத்துக்கு ஒரு தம்பி வந்தான். கெட்டிக்காரன், பிள்ளைகள் அவனிடம் ஒட்டிக்கொண்டார்கள். ஆறு வாரம் வந்தான். பிறகு வேலை கிடைத்தது, சொல்லாமல் நின்றுவிட்டான். அவன்மேல் கோபமில்லை. ஆனால் எட்டாவது படிக்கும் ஒரு பையன் மைய அக்காவிடம் கேட்டான்: "நான் சரியா படிக்கலைன்னுதான் அண்ணன் வரலியா?"

இது அந்த ஒரு பையனின் வருத்தம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1904-ல் தொடங்கிய பிக் பிரதர்ஸ் என்ற இயக்கம், பெரியவர் ஒருவரை ஒரு பிள்ளைக்கு அண்ணன் போலத் துணை சேர்க்கிறது. அப்படிச் சேர்ந்த துணைகளை ஆராய்ந்து கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் எழுதினார்கள். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ நீடித்த துணையால்தான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்துபோனது. அதாவது பாதியில் விட்ட தொண்டு, தொண்டே செய்யாததைவிடக் கெடுதலாகக்கூட ஆகலாம்.

சகோதரிகளே, இது நமக்குத் தெரிந்த கணக்குத்தானே? ஒரு மாதம் ஐந்நூறு கட்டிவிட்டு ஆறு மாதம் காணாமல் போகிறவரால் குழுவுக்கு லாபமா? மாதம் ஐம்பதை நாள் தவறாமல் கட்டுகிறவரால் லாபமா?

நாள் தவறாதவர்கள்

நாள் தவறாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. நம் போன்ற பெண்களின் மாலை நேரத்துக்கு இவ்வளவு பலன்!

சென்னையில் 2006-ல் சில இளம் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய பூமி என்ற அமைப்பும் இப்படித்தான் வளர்ந்தது. வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் வார விடுமுறையில் வந்து, காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரிகளில் 1969 முதல் நடக்கும் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது நம் பிள்ளைகள் சொல்லும் என்.எஸ்.எஸ்., ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்யச் சொல்கிறது. அதை 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட இல்லை. நாம் சீரியல் பார்க்கும் நேரத்தைவிடக் குறைவு!

காசு வராத வேலைக்கு ஏன் போகணும்?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். எல்லாத் தொண்டுக்கும் போகச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. போகும் முன் தாய் கேட்க வேண்டியவை இவை.

இந்த வேலையால் யாருக்கு லாபம்? பிள்ளைகளுக்கு என்றால் சரி. ஒரு முதலாளியின் கடைக்கு என்றால் அதற்குக் கூலி வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்று பெயர் சொல்லித் தள்ளிவிடுகிறார்களா? இல்லம் தேடிக் கல்வியிலேயே மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பஸ் காசாவது அமைப்பு தருமா? எத்தனை மாதம், வாரம் எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்களா? செய்த வேலையில் நம் பிள்ளையின் பெயர் இருக்குமா, சான்றிதழ் உண்டா? நாளை வேலை கேட்கப் போகும்போது, "இது நான் செய்தது" என்று காட்ட அது உதவும்.

பாதுகாப்பையும் கேளுங்கள். மையத்தில் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? இருட்டும் முன் வீடு திரும்ப முடியுமா? நம் சின்னப் பிள்ளைகளை அனுப்பும்போதும் அப்படியே. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக உட்காரக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் செய்யலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், மகளைத் தடுக்காதீர்கள் அக்கா. கையில் தொழில் இருக்கிறது, அனுபவம் இல்லை என்றுதான் நம் பிள்ளைகள் பல இடங்களில் திரும்பி வருகிறார்கள். பொறுப்பை ஏற்று முடிக்கும் பழக்கமும், நாலு பேரிடம் பேசும் தைரியமும் இந்த இரண்டு மணி நேரத்தில் வரும்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, நம் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்கு என்ன திறமை இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். டிசைன், தட்டச்சு, தையல், கணக்கு, எதுவானாலும் சரி.

இரண்டாவதாக, நம் ஊர் மையத்துக்கு வரும் தன்னார்வலருக்கு ஒரு வருகைப் பதிவேடு வையுங்கள். சேமிப்புக்கு வைத்திருக்கிறோமே, அதே மாதிரி. வர முடியாத நாளில் முன்பே சொல்லச் சொல்லுங்கள். நிற்பதாக இருந்தால் பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டு, அடுத்தவரை அறிமுகப்படுத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள். "அண்ணன் ஏன் வரலை?" என்று இன்னொரு பிள்ளை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதாக, வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு டம்ளர் டீயும், "நல்லா பண்ணினேம்மா" என்ற ஒரு வார்த்தையும் போதும். அடுத்த வாரமும் அவர் வர அது காரணமாக இருக்கும்.

உள்கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவருக்குக் கடன் கிடைக்கிறது. திறமையும் அப்படியே. கற்றுக்கொண்ட பிள்ளை அதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், அந்தக் கடன் அடைந்தது என்று பொருள்.