மழைக் கணிப்பு யார் கையில்?



தாது வருசப் பஞ்சம் என்றால் நமக்குத் தெரியும். 1876-78. செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள், சேரி ஜனங்கள். அதே எல் நினோ, அதே வருசங்களில், பிரேசிலின் வடகிழக்கில் செயாரா என்கிற வறண்ட பகுதியிலும் லட்சக்கணக்கில் உயிரைக் குடித்தது. அந்த ஊர்க் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

செயாராவில் மழை பிப்ரவரியிலிருந்து மே வரை. தவறினால் வருசமே போச்சு. பசிபிக் கடல் சூடேறினாலோ, அட்லாண்டிக்கின் வடபாதி தென்பாதியைவிடச் சூடானாலோ மழை வடக்கே ஒதுங்கிவிடும். கடல் மெதுவாகத்தான் மாறும். அதனால் ஜனவரியிலேயே ஓரளவு சொல்லலாம். 1972இல் தொடங்கிய ஃபுன்செமி என்கிற மாநில அரசு நிறுவனம் சொல்கிறது.

அறிவியல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1987இல் மழை 30 சதவீதம் குறைவு, சராசரி 6.5 லட்சம் டன் தானியம் விளையும் இடத்தில் 1 லட்சம் டன்தான் விளைந்தது. 1992இல் 27 சதவீதம் குறைவு, முன்கூட்டியே சொல்லி, குறுகியகால விதை கொடுத்தார்கள், 5.3 லட்சம் டன். உலகமெல்லாம் எடுத்துக்காட்டுகிற கணக்கு இது. மழை எந்த வாரத்தில் பெய்தது என்பதும் விளைச்சலைத் தீர்மானிக்கும். அதைக் கணக்குக் காட்டுகிறவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? அரசாங்க விதையைக் குடோனில் வைத்துப் பூட்டினார்கள். மண்ணில் ஈரம் போதும் என்று ஃபுன்செமி சொன்னால்தான் திறப்பார்கள். முதல் மழைக்கே விதைத்துப் பழகிய சின்ன விவசாயி, பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியதாச்சு. வறட்சி வரும் என்று அறிவித்தால் வங்கி கடனைச் சுருக்கும். பண்ணையாருக்குத் தன் நிலத்திலேயே ஏரி இருக்கு, அதுவும் பல இடங்களில் அரசாங்கப் பணத்தில் வெட்டினது. வாரத்துக்கு உழுகிறவருக்கு என்ன இருக்கு? ரேடியோவில் செய்தி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

ஜனங்களும் சும்மா இல்லை. டிசம்பரில் புனித லூசியா திருநாள் இரவில் ஆறு உப்புக்கல்லை வெளியே வைப்பார்கள். ஒரு கல் ஒரு மாசம். கசிகிற கல்லின் மாசத்தில் மழை. உப்பு சரியாகச் சொல்லுதா என்பது வேற விசயம். அதை வைத்து எப்போ விதைக்கிறது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், குடோன் சாவிக்காகக் காத்திருக்கவில்லை.

மழைக்காலம் முடிந்தபின் ஊகத்துக்கு வேலை குறைவு. அணையில் இருப்பதை அளந்துவிடலாம். 1990களிலிருந்து ஜாகுவரிபே ஆற்றுப் படுகையில் பாசனக்காரர்கள், நகராட்சிகள், தொழிற்சாலைகள் எல்லாரும் கூட்டம் போட்டு, எவ்வளவு திறப்பது என்று பேசுகிறார்கள். தண்ணீர் நிறைந்த வருசம் சண்டை குறைவு. 2012இல் தொடங்கிய நீண்ட வறட்சியில் காஸ்தன்யாவ் அணை அடிமட்டத்துக்குப் போனது. பாசனத்தைக் குறைத்தார்கள், தலைநகர் ஃபோர்டலேசாவுக்கு வாய்க்கால் ஓடியது. குடிதண்ணீர் முதலில் என்பது நியாயம்தான். ஆனால் கூலி போனவருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன குரல் இருந்தது?

நம்ம ஏரிகளிலும் பல ஊரில் மடை திறக்கிற நீர்க்கட்டி நம்ம ஆள்தான். எந்த வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். பாசன சங்கக் கூட்டத்தில் அவரை யாரும் கேட்பதில்லை. அப்படி ரெண்டு பேர் இங்கே வந்திருக்கிறார்கள். மீதி நேரம் அவர்கள் பேசட்டும்.