பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால்

 

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் பேசியதை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். நான் டாக்டர் அல்ல. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியன்தான். ஆனால் உங்கள் பிள்ளைகளின் வாய்க்குள் என்னென்ன போகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன். ரப்பர் துண்டு, பேனா மூடி, சட்டைப் பொத்தான், கேண்டீனுக்குக் கொடுத்தனுப்பிய சில்லறை, எல்லாம் போகும்.

முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இப்படி விழுங்கியவற்றில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் தானாகவே மலத்தோடு வெளியே வந்துவிடுகின்றன. பத்து இருபதுக்கு வாய்வழியே குழாய் விட்டு எடுக்க வேண்டிவரும். அறுவை சிகிச்சை வரை போவது ஏறக்குறைய நூற்றில் ஒன்று. அந்த ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடாதே என்பதுதான் என் கவலை.

நம் வீடுகளில் அதிகம் சிக்குவது மீன் முள். கெம்போங் மீன் குழம்பு வைக்காத வீடு ரவாங்கில் உண்டா? முள் சிக்கினதும் பாட்டி என்ன சொல்வார்? "ஒரு உருண்டை வெறுஞ் சோத்தை மெல்லாம முழுங்கு, எறங்கிடும்!" இல்லையென்றால் வாழைப்பழம். சில சமயம் இறங்கவும் செய்யும், அதனால்தான் இந்த வைத்தியம் இன்னும் உயிரோடிருக்கிறது. இறங்காதபோது நடப்பதைப் பாட்டி அறிய மாட்டார். தொண்டையில் டாக்டர் கண்ணுக்கே தெரியும் இடத்தில், ஒரு சிறு இடுக்கியால் எடுத்துவிடக்கூடிய முள்ளை, அந்தச் சோற்று உருண்டை உணவுக்குழாய்க்குள் தள்ளி, சுவரில் ஆழமாகக் குத்திவிடும்.

உணவுக்குழாய் மெல்லிய சுவர் உடையது. அதில் ஓட்டை விழுந்தால் எச்சிலும் கிருமியும் கழுத்துக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும். காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சுவலி, எச்சில்கூட விழுங்க முடியாமை, கழுத்துத் தோலைத் தொட்டால் உள்ளே நறநறவென்று காற்று, இவை அதன் அடையாளங்கள். அப்போது கழுத்தின் பக்கவாட்டில் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், முடிந்தால் ஓட்டையைத் தைக்க வேண்டும். அது ஆறும்வரை மூக்குவழிக் குழாயில்தான் கஞ்சியும் பாலும். சீழ் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டால் நெஞ்சையே திறக்க நேரிடும். மிக அரிதாக, முள் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாயையும் அரித்துவிடும். முதலில் கொஞ்சம் ரத்தம் வரும், பிறகு நின்றுவிடும். "சரியாயிடுச்சு" என்று இருந்தால், அடுத்து வரும் ரத்தம் உயிரைக் கொண்டுபோய்விடும். ஒரு கவளம் சோற்றால் வந்த வினை!

இன்னொன்று, எக்ஸ்ரேயில் முள் தெரியவில்லை என்பதற்காக முள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பல மீன் முட்கள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை, சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். வலி தொடர்ந்தால் மீண்டும் போய் நில்லுங்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இல்லாத ஆபத்து ஒன்று இப்போது வந்திருக்கிறது. அதுதான் பொத்தான் பேட்டரி. ரிமோட், விளையாட்டுச் சாமான், எடைத்தராசு, பாடும் வாழ்த்து அட்டை, எல்லாவற்றிலும் இருக்கிறது. அதில் 2032 என்று எழுதியிருந்தால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்று பொருள். 2012இல் வெளிவந்த நம் இருபது காசு 20.6 மில்லிமீட்டர். பார்வைக்கு ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்! காசு உணவுக்குழாயில் சிக்கினால் எடுப்பதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. பேட்டரி சிக்கினால் இல்லை. ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை வேகவைக்கத் தொடங்கிவிடும். பழைய பேட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம், கருவியை ஓட்டச் சக்தியில்லாத பேட்டரிக்கும் சதையைப் பொசுக்கச் சக்தி உண்டு. அமெரிக்காவில் ஒரு குழந்தை இப்படி இறந்த பிறகு, அக்குழந்தையின் பெயராலேயே 2022இல் 'ரீஸ் சட்டம்' வந்தது. பேட்டரி மூடியைப் பிள்ளைகள் எளிதில் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்பது அதன் விதி.

காந்த உருண்டைகளும் அப்படித்தான். ஒன்று போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு போனால், குடலின் இரு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள குடலை நசுக்கி ஓட்டை போடும். அப்புறம் வயிற்றைத் திறந்து ஓட்டைகளைத் தைக்க வேண்டும், அல்லது அந்தக் குடல் துண்டையே வெட்டி இணைக்க வேண்டும்.

குழாய் விட்டு எடுக்கும் கலை எப்படி வந்தது தெரியுமா? 1868இல் ஜெர்மனியில் அடோல்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைக்குள்தான் முதலில் நேர்க்குழாயை விட்டுப் பார்த்தார். (திருவிழாக்களில் நாம் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம்!) பின்னர் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்பவர் அதில் கைதேர்ந்தார். மக்கள் விழுங்கியும் மூச்சுக்குழாயில் சிக்கவைத்தும் கொண்ட ஊக்கு, ஆணி, காசு என்று அவர் சேர்த்து வைத்த 2,374 பொருள்கள் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் இருக்கின்றன. 1957இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் கண்ணாடியிழைக் குழாயைக் கொண்டுவந்தார். அதன் வழித்தோன்றல்கள்தாம் இன்று ஆஸ்பத்திரிகளில் இருப்பவை.

குழாய் இருந்து என்ன பயன், பிள்ளை வாய் திறக்காவிட்டால்? கேண்டீன் காசை விழுங்கிவிட்ட இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலை முழுதும் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். தனியே அழைத்து மெதுவாகக் கேட்டபோது காசைப் பற்றிச் சொல்லவில்லை. "சார், அப்பாகிட்ட சொல்லாதீங்க, அடிப்பாரு" என்பதுதான் முதல் பதில். அடிக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் டாக்டரின் கையிலிருந்து பறிக்கப்படும் நேரம். "என்ன முழுங்கினே, சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அடிக்காமலும் இருங்கள். அடுத்த முறை அவன் சொல்வதும் மறைப்பதும் அதைப் பொறுத்தது.

விரல் விட்டு எடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, பழம், தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். இதற்கு ஒரே விலக்கு, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை பொத்தான் பேட்டரி விழுங்கி, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அது சதை வேகும் வேகத்தைக் குறைக்குமே தவிர வைத்தியம் ஆகாது. தேன் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். ரவாங்கிலிருந்து செலாயாங், சுங்கை பூலோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம். மூச்சுத் திணறினால் 999. அதே மாதிரி பேட்டரியோ காந்தமோ வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "காசு வயித்துக்குப் போயிடுச்சுன்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டா, தெனமும் மலத்தைப் பாக்கணுமா சார்?" சபை சிரித்தது. நல்ல கேள்விதான். ஆமாம், பாருங்கள் அம்மா. நான்கு வாரம் ஆகியும் வராவிட்டால் மீண்டும் எக்ஸ்ரே. இடையில் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்று எது வந்தாலும் நான்கு வாரம் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.