இல்லம் எங்கே அமைப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, நம் வீடுகளில் இரவு உணவிற்குப் பின் நாள்தோறும் பேசப்படும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டோம். நம்மில் பலர் அரசுப் பணியினர். ஓய்வு பெற்றபின் குடியிருப்பின் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் நம் குடும்பம் எந்த ஊரில் வாழப்போகிறது? இதுவே அப்பொருள்.

பிற மாநிலத்தார் எல்லையைக் கடந்து அண்டை மாநிலப் புறநகரில் மனை வாங்குகின்றனர். காலையில் பேருந்தேறிச் சென்று பார்த்து மாலையில் வீடு திரும்புகின்றனர். நமக்கோ நிலவழி அண்டை மாநிலம் ஒன்றும் இல்லை. கடலே நம் எல்லை. கப்பல் சென்று சேரும் மூன்று துறைமுகங்களே நம் அண்டை வாயில்கள். சென்னை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், விசாகப்பட்டினம் 1,200, கொல்கத்தா 1,255. ஆதலின் ஒருவர் தாம்பரம் என்கிறார். ஒருவர் காஜுவாக்கா என்கிறார். வங்காளத்தில் உறவு கொண்ட மற்றொருவர் பாராசாத் என்கிறார். இங்கேயே மேட்டு நிலம் ஒன்று கிடைத்தால் போதும் என்பாரும் உளர்.

இதில் நாம் பிறருக்கு அறிவுரை கூறத் தகுதி பெற்றது நம் அறிவினால் அன்று. நாம் செய்த பிழையினால். பல ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில் எம் இல்லத்தார் மனை ஒன்று வாங்கினோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், மே மாதத்தில் சென்று பார்த்தோம். தரை கட்டாந்தரையாய்க் கிடந்தது, ஆடுகள் மேய்ந்தன. காற்றோட்டமான இடம் என்று மகிழ்ந்து பணத்தைக் கட்டினோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்கள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் உறவினர் ஒருவர் எம் மனையைச் சென்று பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூறினார்: “இது மனை அன்று, ஏரியின் ஓரம்.”

பிழை எங்கே என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். தீவில் வாழும் நாம் ஊருக்குச் செல்வது கோடையில். அப்பொழுது தமிழ்நாட்டில் ஏரிகளும் கால்வாய்களும் வற்றிக் கிடக்கும். அந்நாட்டிற்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. அம்மாதங்களில் நாம் இங்கே இருப்போம். ஆகவே அங்கே மனை வாங்க விரும்புவோர் விடுப்பை நவம்பருக்கு மாற்றிக்கொண்டு, மழை பெய்த மறுநாள் அம்மனையில் நின்று பார்ப்பீராக. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய கதையையும் அக்கம்பக்கத்து முதியோரிடம் கேட்பீராக.

தமிழ்நாட்டை மட்டும் குறை கூறுவதாக எண்ணலாகாது. விசாகப்பட்டினத்தை 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஹுட்ஹுட் புயல் தாக்கியது. கொல்கத்தாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அம்பன் புயல் உலுக்கியது. இடருக்கு அஞ்சி இடம் மாறுவோர் வேறோர் இடரை விலைகொடுத்து வாங்குதல் கூடும்.

இனி, நம் சிப்பிகாட்டிற்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை நிகழ்ந்ததை இங்குள்ள முதியோர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை, இளைஞர்களுக்காகச் சொல்கின்றோம். அன்றைய நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கே திக்லிபூர்ப் பக்கத்தில் தரை உயர்ந்து பவளப் பாறைகள் வெளியே தெரிந்தன. ஆழிப்பேரலை வடிந்துவிட்டது; ஆனால் தாழ்ந்த தரை பழைய உயரத்திற்கு மீண்டும் எழவில்லை. நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் ஏறி நின்றது. இன்று அவ்விடங்களில் நீர்ப்பறவைகளைக் காண வெளியூரார் வருகின்றனர். பறவைகளுக்கு அது நல்ல இடம். நம் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு ஏற்ற இடம் அன்று.

எனவே இங்கே மனை பார்ப்போர், முழுமதி நாளிலும் அமாவாசையிலும் கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் வேளையில் சென்று பார்க்க வேண்டும். உப்புநீர் எதுவரை வருகிறது என்பதை ஓடைக்கரைச் செடிகளே காட்டிக்கொடுக்கும். மார்ச் மாதத்திலும் ஒருமுறை சென்று கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டிற்கு 3,000 மில்லிமீட்டர் அளவு மழை பெய்யும் இத்தீவில் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு நேர்வதை நாம் அறிவோம். நிலநடுக்கம் மிகுந்த வட்டாரம் இஃது ஆதலின், வீடு உயரமாக இருப்பதைவிட உறுதியாக இருப்பதே நன்று.

நிலத்தின் உயரத்தைப் போலவே அதன் உரிமையும் முக்கியம். இங்கே நில உரிமை 1966ஆம் ஆண்டு நிலவருவாய், நிலச்சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அமைந்தது. கூரையும் மின் இணைப்பும் இருப்பதால் மட்டும் நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது; அஃது ஆக்கிரமிப்பு நிலமாகவும் இருக்கலாம். வேளாண் நிலத்தில் வீடு கட்ட, நிலப்பயன் மாற்ற அனுமதி வேண்டும். தமிழ்நாட்டிலும் பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகிய மூன்றையும் பாராமல் பணம் தருதல் ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் தடை விதித்தபொழுது, கையில் பத்திரம் வைத்திருந்தும் விற்க இயலாமல் தவித்தோர் பலர். மறு ஆண்டில் வரன்முறைத் திட்டம் வந்தபின்னரே அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

நீரும் உரிமையும் பார்த்தாயிற்று. இறுதியாக ஒரு கேள்வி: அவ்வீட்டில் வாழப்போவோர் யார்? எம் இல்லத்து அன்னையார் ஒருநாள் கேட்டார்: “அங்கே எனக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி கொண்டுவருபவள் யார்?” அதற்கு எம்மிடம் விடை இல்லை. அண்டை வீட்டு வங்காள அம்மையும் எதிர்வீட்டுத் தெலுங்குப் பெண்ணும் இங்கேதான் இருக்கின்றனர். இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய நம் தமிழ் மக்களை எண்ணிப் பாருங்கள். வேர் விட்ட இடத்தினின்றும் பெயர்ந்து மறுபடி வேரூன்றுதல் எத்துணை அரிது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பிள்ளைகள் சென்னையிலேயே நிலைத்துவிட்டனர், முதுமையில் அவர்களுடன் வாழ்வது உறுதி என்றால், அங்கே வாங்குங்கள். நவம்பரில் பார்த்து வாங்குங்கள். கல்லூரிக் காலத்திற்கும் மருத்துவத்திற்கும் மட்டும் அங்கே இடம் வேண்டுமென்றால் வாடகை வீடே போதும். யாரும் வாழாத பூட்டிய வீட்டிற்காகக் கடல் கடந்து வரி கட்டுவது வீண். வாழ்க்கை இங்கே என்றால், சிப்பிகாட்டின் மேட்டு நிலத்தில், தெளிவான உரிமையுடன் ஒரு சிறு வீடு அமையுங்கள்.

எம் பழைய மனையை நட்டத்திற்கு விற்றோம். அப்பணத்தில் இங்கே சரிவின்மேல் கட்டிய இரண்டறை வீட்டில் அன்னையார் தம் இறுதி நாட்களைக் கழித்தார். கஞ்சி கொண்டுவர ஆள் இருந்தது. வீட்டைக் கட்டிப்பார் என்று முன்னோர் எச்சரித்தனர். கட்டுமுன் இடத்தைப் பார் என்று அதனோடு ஒரு சொல்லைச் சேர்த்து, எம் உரையை நிறைவு செய்கின்றோம்.