கலப்பையைக் கட்டுமுன்

(வட்டத்தின் தேனாம்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயண அனுபவம் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். நான் பேச வந்திருப்பது இன்னும் போகாத பயணத்தைப் பற்றி. காஷ்மீரத்தில் சோனாமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடியும் மலைநடை ஒன்றுக்கு நண்பர்கள் நால்வர் மூன்று மாதமாகத் திட்டமிட்டு வருகிறோம். விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என்று ஏரிக்குப் பின் ஏரியாக வரும் வழி. ஏறத்தாழ 70 கிலோமீட்டர், ஏழு நாள். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்த நிலத்தில் நடக்க நினைப்பவன் முதலில் விசாரிக்க வேண்டியது அனுமதி உண்டா என்பதைத்தான். கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எங்கள் மேசைமீது வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதன் பக்கத்திலேயே பத்துப்பாட்டும் கிடக்கிறது.

ஆற்றுப்படைகளைப் புரவலனைப் புகழும் பாட்டுகளாகவே நாம் பாடம் கேட்டோம். மூட்டை கட்டுகிறவனின் கண்ணோடு மலைபடுகடாத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதன் 583 அடிகளில் பெரும்பங்கு வழிக்கே செலவாகிறது. நவிரமலைக்கு, அதாவது இன்று பருவதமலை என்று அறியப்படும் குன்றுக்கு, நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்கள் தங்கள் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டு, பலாக்காய்க் கொத்துகளைப் போல இருபுறமும் எடை சமனாகத் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். அந்தப் பைக்குப் பெயர் கலப்பை. முதுகுச் சுமையின் எடையை எப்படிப் பங்கிடுவது என்று நாங்கள் அரிசிப் பையை வைத்து ஒரு வாரம் சோதித்துக் கண்டதைப் பெருங்கௌசிகனார் ஓர் உவமையில் முடித்துவிட்டார்.

அவர் சொல்லும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே விடிந்த பின்னரே நடங்கள். யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் உங்கள் மேலும் படலாம், மரத்தின் பின் ஒதுங்குங்கள். பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்கும், மூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள். இருட்டினால் கற்குகையில் உங்கள் வீட்டில் நுழைவதுபோல நுழைந்து தங்குங்கள். வழி பிரியும் இடத்தில், பின்னே வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள். இந்தக் கடைசி அறிவுரை போகிறவனுக்குப் பயன்படாது. அவனுக்கும் பின்னால் வரப்போகும் முகமறியாதவனுக்கு உரியது. திட்டமிடுதலில் இப்படியொரு ஈரம் இருக்கக்கூடும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இன்னொன்று. குறவர்களே திகைக்கும் மலைப்பகுதியில் அகப்பட்டுக்கொண்டால் மேலும் நடக்காதீர்கள், அகன்ற பாறையில் ஒன்றாகக் கூடிநின்று உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவார்கள் என்கிறார். மலையேற்றப் பயிற்சியில் இன்று சொல்லித்தருவதும் இதுவே: வழி தவறினால் நின்றுவிடு, ஊதலை ஊது. நால்வருக்கும் நான்கு ஊதல்கள் வாங்கிவிட்டோம். முழவு எடுத்துச் செல்லலாம் என்று ஒருவர் சொன்னார். எடை கருதி நிராகரிக்கப்பட்டது.

எங்கள் வழியின் இடர்கள் வேறு வகை. பனி உருகி ஜூலையில் வழி திறக்கிறது; செப்டம்பர் நடுவில் குளிர் மூடத் தொடங்குகிறது. முதல் நாள் காட்டின் எல்லையில் பூர்ஜ மரங்கள் வரும். நமக்குப் பனையோலை எப்படியோ அப்படிக் காஷ்மீரத்துக்கு அதன் பட்டை. அந்நாட்டுப் பழஞ்சுவடிகள் அதில் எழுதப்பட்டவை. கவிஞர்களுக்காக இதைச் சொன்னேன். அதற்கு மேலே மரமே இல்லை. ஒதுங்க நிழலில்லை, எரிக்க விறகில்லை. கோடையில் ஆடு மேய்க்க வரும் குஜ்ஜர்களையும் பக்கர்வால்களையும் தவிர ஆளும் இல்லை. கட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200 மீட்டர். கடல்மட்டத்தை ஒட்டி வாழும் நமக்கு அங்கே காற்றே உணவுபோல அளந்து கிடைக்கும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் விதி. அதற்காகச் சோனாமார்க்கிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதென்று எழுதிக்கொண்டோம். உடல் கெட்டால் மருந்தைவிட இறங்குவதே மருந்து. உடனே இறங்க இயலாத இடங்களும் வழியில் உண்டு.

இங்கேதான் எங்கள் திட்டம் முட்டி நின்றது. இந்தப் பயணத்தை முதலில் கனவு கண்டவர் எங்களில் மூத்தவர். பயிற்சிக்காகப் பரங்கிமலைப் படிகளில் ஏறினோம். அவர் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி காட்சி அழகாக இருப்பதாகச் சொன்னார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மட்டுமல்ல, அடுத்த இரண்டு வாரமும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கூடாரத்துக்கும் சேர்த்தே பட்டியல் போட்டோம். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

மலைபடுகடாத்தின் கூத்தர் கூட்டத்தில் விறலியரும் உண்டு. கல் பொருது மெலிந்த அவர்கள் பாதத்தை, ஓடி இளைத்த நாயின் நாவுக்கு ஒப்பிடுகிறார் புலவர். கூட்டத்தில் யார் களைத்தவர் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வழி சொல்லத் தொடங்குகிறார். வழியின் கொடுமை எதையும் அவர் மறைக்கவுமில்லை. நாங்கள் வரைபடத்தைப் பார்த்தோம், பாதத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மாலை அவர் வீட்டில் அந்தப் பகுதியை உரக்கப் படித்தேன். வழுக்குப் பாறை வரை வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"எனக்காகத்தானே படிக்கிறீர்?" என்றார்.

"ஆம்" என்றேன்.

"பொறியையும் பாசியையும் புலவன் சொல்லிவிட்டான். என் மூச்சைப் பற்றி நீர் சொல்ல இத்தனை நாளா?"

எனக்கு விடை இல்லை. அவர் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரைபடத்தைத் தம் பக்கம் திருப்பினார்.

வழியின் முடிவிலுள்ள நாராநாக் தாழ்வான இடம். மோட்டார் வண்டி செல்லும். எட்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் சிவன் கோயில்களின் சிதைவுகள் அங்கே உள்ளன. நாங்கள் கங்காபலிலிருந்து இறங்கும் நாளில் அவர் அங்கே காத்திருப்பதென்று முடிவாயிற்று. குறித்த நாளுக்கு மறுநாள் மாலைக்குள் நாங்கள் வராவிட்டால் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்ற பட்டியலும் இப்போது அவர் வசம். எங்களில் யாருமே எழுத மறந்திருந்த பட்டியல் அது, அவரே எழுதினார்.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "வழியின் முடிவில் இருப்பவன் நான் என்றால் நன்னனும் நானே. பரிசில் என்ன தருவது என்றுதான் யோசிக்கிறேன்" என்றார்.